நரிக்கு வைத்த கேமரா

1

ஜெர்மனிக்கு வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு நவம்பரிலும் நாங்கள் வந்து இறங்கிய நாள் வரும்போது என் கணவர் கேசரி கிண்டுவார். நான் சம்பிரதாயத்துக்கு இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவேன். மகள் லியா முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றபடி பள்ளிக்கூடக் கதையை ஜெர்மனில் சொல்லுவாள். இந்த வருடம் அந்த நாளில் நான் அழவில்லை. கோபப்பட்டேன். அதுவும் ஆபீசில், எல்லோரும் பார்க்க.

நான் வேலை செய்வது ஒரு காட்டுயிர் ஆய்வு நிறுவனத்தில். நாட்டின் கிழக்கே, பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன ஊர். என்ன வேலை என்று சேலையூரில் யாராவது கேட்டால் அம்மா, "புலி பாக்குறா" என்று சொல்லிவிடுகிறார். புலியெல்லாம் இல்லை. காட்டில் மரங்களில் கட்டிய தானியங்கிக் கேமராக்கள் எடுக்கும் படங்களைப் பிரிப்பதுதான் என் வேலை. சூடான உடம்பு எது குறுக்கே போனாலும் கேமரா தானே படம் எடுத்துக்கொள்ளும். மான், பன்றி, நரி என்று மென்பொருள் பெயர் ஒட்டும். அது ஒட்டியது சரியா என்று நான் பார்க்க வேண்டும். காலையில் போய் உட்கார்ந்தால் மாலை வரை பன்றியின் பின்புறம்தான்.

எங்கள் நிறுவனம் சென்னையில் இருக்கும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, புறநகரில் மிச்சமிருக்கும் நரிகளைப் பற்றி ஓர் ஆய்வு நடத்துகிறது. இடம் ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஓர் ஏரியை ஒட்டிய புதர்க்காடு. ஏரியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறே ஒருவர் கேமராவும் கையுமாகப் போய் நிற்பார். பிறந்தது சேலையூர், படித்தது தாம்பரம், அந்த ரயில் பாதையில்தான் பாதி இளமை போயிற்று. அதனால் நான்தான் பார்ப்பேன் என்று கேட்டு வாங்கிய வேலை அது.

அன்று காலை திறந்தது கேமரா வைத்த முதல் வாரங்களின் படங்கள். இரண்டு நரி, ஒரு கீரி, ஒரு மயில். அடுத்த படத்தில் ஒரு பெண். தலையில் துண்டு, கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா. விடியாத நேரம். பின்னால் பனைமரம், அதற்கும் பின்னால் புது அடுக்குமாடிகளின் விளக்குகள். அவர் எங்கே போகிறார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கடுத்த படத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நீங்களும் கற்பனை செய்ய வேண்டாம். அந்த மாதிரிப் படங்கள் அந்த ஃபோல்டரில் நிறைய இருந்தன, வேறு வேறு பெண்கள். எல்லாவற்றுக்கும் கீழே மென்பொருள் ஒரே பெயரை ஒட்டியிருந்தது: மனித இடையூறு.

2

இந்த ஊர்க் காட்டில் கேமரா கட்டுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மேலாளர், உல்ரிக்கே என்ற பெண்மணி. முதலில் மஞ்சள் பலகை மாட்டுவோம். இங்கே கேமரா இருக்கிறது, இன்னாருடையது, இந்த எண்ணைக் கூப்பிடலாம் என்று அதில் எழுதியிருக்கும். கேமராவை முழங்கால் உயரத்தில்தான் கட்ட வேண்டும். தப்பித்தவறி மனிதர் விழுந்தால் அந்தப் படத்தை உடனே அழிக்க வேண்டும். சட்டம். ஒரு முறை ஓர் ஆணும் பெண்ணும் மரத்தடியில் முத்தமிட்டுக்கொள்ளும் படம் வந்தது. முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. நான் எட்டிப் பார்ப்பதற்குள் உல்ரிக்கே அழித்துவிட்டார். "அது அவர்களுடைய நேரம்" என்றார். அன்று இந்த நாடு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அதனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் மேசைக்குப் போனேன். இரண்டு படம் பார்த்தார். முகம் சிவந்தது. மூன்றாவதைப் பார்க்கவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்: படம் எடுத்தது இந்தியாவில், இங்குள்ள சட்டம் அங்கே செல்லாது. ஆய்வின் மூலப் படங்களை அழிக்கக் கூடாது என்பது நிறுவன விதி. மேலும், உள்ளூர் மக்களின் ஒப்புதல் முறைப்படி வாங்கப்பட்டிருக்கிறது.

யாருடைய ஒப்புதல் என்று கேட்டேன். காட்டினார். அந்த வார்டு கவுன்சிலரும், பக்கத்து லேஅவுட்டின் வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விழாப் புகைப்படமும் இருந்தது. ஷாமியானா, பேனர், சால்வை, பிளாஸ்டிக் நாற்காலி. இந்த இரண்டு பேர் வீட்டிலும் படுக்கையறைக்கு ஒரு குளியலறை இருக்கிறது, விடியற்காலையில் டப்பாவோடு ஏரிப் பக்கம் போகிறவர்களுக்காக இவர்கள் எப்படி ஒப்புக்கொள்ள முடியும் என்றேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது.

"மெர்சி, ஸாக்லிஷ்" என்றார் உல்ரிக்கே.

மெர்சி என் பெயர். ஏழு வருடத்தில் நான் அதிகம் கேட்ட ஜெர்மன் சொல் ஸாக்லிஷ்தான். உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டு விஷயத்தைப் பேசு என்று பொருள். ரயில் தாமதமானால் இவர்கள் பிளாட்பாரத்தில் நின்று கத்துவார்கள், அது விஷயம். நான் குரலை ஒரு படி ஏற்றினால் அது உணர்ச்சி. நான் விஷயத்தைத்தான் பேசுகிறேன், இதுதான் விஷயமே என்று சொல்ல வாயெடுத்தேன். கோபம் வந்தால் என்னை முதலில் கைவிடுவது இந்த ஊர் மொழிதான். தப்பும் தவறுமாக ஏதோ சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள், அந்தப் பொறுமைதான் எரிச்சலாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். அவர்கள் ஏன் வீட்டுக் கழிவறைக்குப் போகவில்லை என்று லியா கேட்டாள். வீட்டில் இல்லை என்றேன். அப்படியானால் நகராட்சிக்கு எழுதிப் போடலாமே என்றாள். பட்டா இல்லாத இடத்தில் குடியிருப்பது என்றால் என்ன என்று ஜெர்மனில் விளக்க நானும் அவள் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் முயன்றோம். அவளுக்குக் கைப்பந்துப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. ஐந்து வயதில் சேலையூர் ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடச் சொல்லிச் சண்டை பிடித்த பெண் இவள். இப்போது எழுதிப் போட்டால் எல்லாம் நடக்கும் என்று நம்புகிறாள். அப்படி நம்பத்தானே இவளை இங்கே கூட்டி வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அன்று அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை.

3

அங்கே களப்பணியைப் பார்த்துக்கொள்பவன் பிரகாஷ். தாம்பரத்தில் விலங்கியல் படித்தவன், வீடு ஊரப்பாக்கம், நல்ல பிள்ளை. மறுநாள் அவனை அழைத்தேன்.

"அக்கா, மீட்டிங் போட்டோம்க்கா. டீ, மிக்சர் எல்லாம் ஏற்பாடு பண்ணோம். ஏரிக்கரை லேடீஸ் யாருமே வரல" என்றான்.

எப்போது போட்டீர்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ஏரிக்கரைப் பெண்களில் பாதிப் பேர் சிறுசேரி ஐ.டி. வளாகங்களில் ஹவுஸ்கீப்பிங், மீதிப் பேர் அடுக்குமாடிகளில் வீட்டு வேலை. பதினோரு மணிக்கு அங்கே கோழிதான் இருக்கும். கவுன்சிலருக்கு அந்த நேரம்தான் தோதுப்பட்டது என்றான்.

அவன் என்னைச் சமாதானப்படுத்த ஒரு நல்ல செய்தி சொன்னான். நான் பார்த்தது ஆரம்பகாலப் படங்களாம். பிறகு மனித நடமாட்டம் படிப்படியாகக் குறைந்து சுத்தமாக நின்றேவிட்டதாம். நரி குட்டி போட்டிருக்கிறதாம். வரைவு அறிக்கையில் இதுதான் முதல் வெற்றி. இது இப்படியே தொடர வேண்டுமானால் புதரைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று பரிந்துரையும் எழுதியாயிற்று. வேலியைத் தாங்களே போட்டுத் தருவதாக லேஅவுட் சங்கம் முன்வந்திருக்கிறது.

வரைபடத்தை எனக்கும் அனுப்பினான். ஒரு கோடு மேலே தொடங்கி அழகாகச் சரிந்து தரையைத் தொட்டது. மனிதர்கள் வருவது நின்றுவிட்டதென்றால், மனிதர்களுக்கு வருவதுமா நின்றுவிட்டது?

"அப்போ அவங்க இப்ப எங்க போறாங்க, பிரகாஷ்?" என்றேன்.



"கேக்கலக்கா" என்றான்.

4

நடுவில் என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எங்கள் குடும்பமே ஒரு பிளாஸ்டிக் அட்டையில் தொங்குகிறது. என் குடியிருப்பு அனுமதி வசந்தத்தில் முடிகிறது. நீட்டிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்துக்கு உல்ரிக்கேயின் பரிந்துரை வேண்டும். அந்த வாரம்தான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக் காத்திருந்தேன். உங்கள் வேலை உறுதியானதா என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். ஆமாம் என்று கம்பீரமாகச் சொன்னேன். டிராமில் திரும்பும்போதுதான், உல்ரிக்கே என்னிடம் வணக்கத்துக்கு மேல் பேசி நாளாயிற்று என்பது உறைத்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முன்பே டிக்கெட் எடுத்திருந்தோம். "அம்மாவைப் பாரு, கேக் சாப்பிடு, வா. ஏரிப் பக்கம் போகாதே" என்றார் என் கணவர். அவர் பயந்தவர் இல்லை. அவர் அட்டை என் அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, லியாவின் அட்டை எங்கள் இருவருடையதிலும். சரி என்றேன். நான் போவேன் என்று அவருக்கும் தெரியும்.

5

பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து அப்படியே மின்சார ரயில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். பிரகாஷ் பைக்கோடு நின்றிருந்தான். ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி உள்ளே போனால் லேஅவுட்டின் அலங்கார வளைவு. ஏரி தெரியும் வீடுகள் என்று சொல்லி விற்ற மனைகள். ஏரி கண்ணுக்குக் குளிர்ச்சி, ஏரிக்கரையில் இருப்பவர்கள் கண்ணுக்கு உறுத்தல். முன்பு அந்த மனைகள் வெற்று நிலமாக இருந்தபோது பெண்கள் அங்கேதான் ஒதுங்கினார்கள். சுற்றுச்சுவர் வந்ததும் புதருக்கு மாறினார்கள். இடம் ஏரிப் புறம்போக்கு, பட்டா கிடையாது. பட்டா இல்லை என்பதால் அரசாங்கக் கழிவறையும் கிடையாது.

ஏரிக்கரையில் செல்வி என்பவர் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். செல்விக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியில், ஒரு மாடியின் கழிவறைகள் முழுவதும் அவர் பொறுப்பு. நாளெல்லாம் அடுத்தவர் கழிவறையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால் தனக்கு ஒன்று இல்லை. இதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தாங்கவில்லை, நான் சொல்கிறேன். பக்கத்தில் பூங்காவனம் அக்கா, கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் மீன் விற்பவர். இன்னும் சில பெண்கள் சுவரோரம் நின்றார்கள்.

கேமரா பற்றி எப்படித் தொடங்குவது என்று ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"அந்தப் பொட்டியா? தெரியுமே" என்றார் செல்வி. "மரத்துல கட்டிக்கினு போனாங்க. இருட்டுல செவப்பா லைட்டு எரியும். லேஅவுட்காரங்க வெச்சிக்கிறாங்க, போட்டோ புடிச்சி போலீசுல குடுத்துருவாங்கன்னு நெனச்சிகினோம். அதான் லைனாண்ட போவ ஆரம்பிச்சிட்டோம்."

லைன் என்றால் ரயில் பாதை. தண்டவாளங்களைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் கொஞ்சம் முட்புதர் இருக்கிறது. மார்கழிப் பனியில் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாது. செங்கல்பட்டு மின்சார வண்டி ஒரு பாதையில் வரும் சத்தத்தில், அடுத்த பாதையில் எதிரே வரும் எக்ஸ்பிரஸ் கேட்காது. அப்படித்தான் இரண்டு வாரம் முன்பு பூங்காவனம் அக்கா நடுப் பாதையில் நின்றுவிட்டார். செல்வி கொண்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"என் டப்பாதான் போச்சு" என்று பூங்காவனம் அக்கா சிரித்தார். சொல்லும்போது முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பிரகாஷ் பாயில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றுகொண்டான். அழகாகச் சரிந்த கோட்டை வரைந்தவன் அவன். நான், "கெனாவ், கெனாவ்" என்று தலையாட்டியிருக்கிறேன். சரி, ஆமாம் என்பதற்கு ஜெர்மனியில் பழகிப்போன சொல். "இன்னாமா அது, தெலுங்கா?" என்றார் பூங்காவனம் அக்கா. கொஞ்சம் சிரிப்பு வந்தது எல்லோருக்கும். அதனால்தான் அடுத்ததைச் சொல்லத் தைரியம் வந்தது. வைத்தது லேஅவுட்காரர்கள் இல்லை, எங்கள் நிறுவனம், நரியைப் பார்க்க வைத்தோம், அதில் நீங்கள் விழுந்திருக்கிறீர்கள் என்றேன். என்ன செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். கேமராவைக் கழற்று என்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"மொதல்ல எங்க படத்த காட்டு" என்றார் செல்வி.

மூலப் படங்களை வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது என்பதும் விதி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்த அத்தனை பேரிலும் வெளியாள் இல்லாதவர்கள் இவர்கள் மட்டும்தான். மடிக்கணினியைத் திறந்தேன். செல்வி பிரகாஷைப் பார்த்து, "தம்பி, நீ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ" என்றார். அவன் ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல் வரை போனான்.

யாரும் கூச்சல் போடவில்லை. பூங்காவனம் அக்கா தன் நடையை வைத்தே தன்னைக் கண்டுபிடித்தார், முழங்கால் வலிக்காரர். போன வருடம்தான் கல்யாணமாகி அங்கே வந்த பெண் ஒருத்தி, ஒரு படத்தைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அடுத்த படத்துக்குப் போகவில்லை.

"இத யார் யார் பாத்தாங்க?" என்றார் செல்வி.

உள்ளதைச் சொன்னேன். நான், என் மேலாளர், இங்கே அமைப்பில் சிலர், அங்கே சிலர்.

"ஆம்பளைங்களுமா?"

"ஆமா."

"அழி."

இதில் அழித்தால் இதில் மட்டும்தான் போகும், அங்கே பெரிய கணினியில் இருக்கும் என்றேன். ஜெர்மனிக்குத் திரும்பியதும் பேசி அழிக்க வைக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். செல்வி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீ போயி, நீ பேசி, அவங்க யோசிச்சி. அதெல்லாம் வேணா. அங்க கீறவங்களுக்கு இப்பவே போன் போடு."

6

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் புல் வெட்டும் இயந்திரத்தைக்கூட ஓட்டக் கூடாது. மேலாளரை ஞாயிற்றுக்கிழமை அழைப்பது பற்றி நான் யோசித்தது கூடக் கிடையாது. அங்கே காலை பத்தரை மணி இருக்கும். அட்டை, ஒப்பந்தம், கணவர் சொன்ன கேக், எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. பயமாக இருந்தது. அதைவிடச் செல்வி முகத்தைப் பார்த்துக்கொண்டு போன் போடாமல் இருப்பது பயமாக இருந்தது. வீடியோ அழைப்பை அழுத்தினேன்.

உல்ரிக்கே எடுத்தார். காலைச் சாப்பாட்டு மேசை, கையில் ரொட்டிக் கத்தி. ஏதோ விபத்து என்றுதான் நினைத்திருப்பார். நான் விளக்குவதற்குள் செல்வி போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்றத அப்படியே சொல்லு. சேக்காத, கொறைக்காத" என்றார் என்னிடம். பிறகு திரையைப் பார்த்துப் பேசினார். "உன் வூட்டு பாத்ரூம் ஜன்னலாண்ட நாங்க வந்து ஒரு பொட்டி கட்டினா நீ சும்மா இருப்பியா? இதான் என் மூஞ்சி, நல்லா பாத்துக்கோ. இத நானா காட்டுறேன். அது நீங்களா எடுத்துகினு போனது. அத அழிச்சிடு."

அப்படியே சொன்னேன். ஒருமையைக்கூட மரியாதையாக மாற்றவில்லை. பூங்காவனம் அக்காவின் டப்பா, எக்ஸ்பிரஸ், பனி, எல்லாவற்றையும் செல்வி சொல்லச் சொல்லச் சொன்னேன்.

உல்ரிக்கே கத்தியைக் கீழே வைத்தார். என்னிடம் பேசவில்லை, செல்வியிடம் பேசினார். நான் மொழிபெயர்ப்பேன் என்று நம்பி, அவர் கண்ணைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கணினியை எடுத்து வந்தார். செல்வி பார்க்கும்படி போனைத் திரைக்கு நேரே சாய்த்து வைத்துக்கொண்டு, ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து அழித்தார். வேறு எங்கும் பிரதி இருக்கிறதா என்று செல்வி கேட்டார். என் மடிக்கணினியில் இருந்ததை நான் அழித்தேன். பிரகாஷிடம் ஒன்று இருந்தது. கலங்கலிலிருந்து அவனைக் கூப்பிட்டு, அதையும் அங்கேயே அழிக்க வைத்தார்கள்.

கேமராக்களை என்ன செய்வது என்று உல்ரிக்கே கேட்டார். பெண்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஏரியின் மறுகரையில், ஆள் போகாத பாறைப் பக்கம் கட்டிக்கொள்ளலாம், இனி எதைக் கட்டுவதானாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து தங்களைக் கேட்க வேண்டும் என்றார்கள்.

"நரி இருந்துட்டு போவட்டும், அதுக்கும் எங்களுக்கும் இன்னா தகராறு" என்றார் செல்வி. "கக்கூஸ் கட்டிக் குடுத்தா நாங்க ஏன் அந்தாண்ட போறோம்?"

இதை அறிக்கையில் எழுதலாமா என்று உல்ரிக்கே கேட்டார்.

"எழுதட்டும். எழுதினா கட்டிடுவாங்களாமா?" என்றார் செல்வி.

அதை மொழிபெயர்த்தேன்.

7

ஜனவரியில் கூட்டம். இயக்குநர், உல்ரிக்கே, நான், சென்னையிலிருந்து திரையில் மூன்று பேர். ரயில் பாதை விஷயத்தை அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம் என்றார் இயக்குநர். ஒரு பெண்ணின் உயிர் போக இருந்ததை அடிக்குறிப்பில் போட மாட்டேன் என்றேன். மனித இடையூறு குறைந்தது என்ற வரியே பொய், அதை எடுக்க வேண்டும், இடையூறு செய்தது நாம் என்று எழுத வேண்டும், வேலிப் பரிந்துரை போக வேண்டும். இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள், நான் தனியாக எழுதிக்கொள்கிறேன். இந்த முறை யாரும் ஸாக்லிஷ் என்று சொல்லவில்லை. உல்ரிக்கே மட்டும் வறண்ட குரலில், மெர்சி சொல்வது பிழைத்திருத்தம், அதைச் செய்யாவிட்டால் நம் ஆய்வு தவறானது என்றார்.

வரி மாறியது. வேலி போயிற்று. கழிவறை கட்ட வேண்டும் என்பது முதல் பரிந்துரையாக ஏறியது. என் ஒப்பந்தத்தை வழக்கம்போல இரண்டு வருடத்துக்கு நீட்டாமல் ஆறு மாதத்துக்கு நீட்டினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஆறு மாத அட்டை கொடுத்தார்கள். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டீ போடப் போனார். லியா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அது நியாயமில்லை, நீ எழுதிப் போட வேண்டும் என்றாள். எழுதத்தான் போகிறேன் என்றேன். எனக்கு இதில் ஒரு துளி வருத்தமும் கிடையாது. நாளைக்கு இந்த அட்டை போனாலும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் நாங்கள் இங்கே வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது பழைய வரைவு அங்கே கைமாறிவிட்டிருந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகளே வேலி போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று லேஅவுட் சங்கம் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. நான் மின்னஞ்சல்களாக அனுப்பினேன். கடல் தாண்டி இருப்பவளால் வேறென்ன செய்ய முடியும்? கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை, கான்கிரீட் கம்பங்கள் வந்து இறங்கிவிட்டன, புதரைச் சுற்றிக் கம்பம் நட வரிசையாகக் குழி தோண்டிவிட்டார்கள், திங்கட்கிழமை நடப்போகிறார்கள் என்று பிரகாஷ் சொன்னான். வேலி வந்துவிட்டால் பெண்களுக்கு இனி எப்போதும் தண்டவாளம்தான். அன்று முழுவதும் நான் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

இதை எழுதும் வரை கழிவறை வரவில்லை. அதற்காக அலைகிறார்கள், நானும் இங்கிருந்து எல்லோரையும் துளைத்தெடுக்கிறேன். வேலியும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத் திங்கட்கிழமை போனில் பிரகாஷ் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

கேமராக்கள் மறுகரைக்குப் போன பிறகு புதருக்குத் திரும்பியிருந்த பெண்கள், குழி தோண்ட ஆட்கள் வந்ததும் மறுபடி ரயில் பாதைப் பக்கம் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அங்கே போகவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு எல்லோருமாகப் புதருக்குப் போனார்கள். அங்கே குழிகள் தயாராக இருந்தன. ஆளுக்கொன்று. வேலை முடிந்ததும் பக்கத்தில் குவித்திருந்த மண்ணையே தள்ளி மூடி, மிதித்துச் சமப்படுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த குழிகளையும் திங்கட்கிழமை விடியலில் அதே மாதிரி மூடிவிட்டார்கள்.

செல்வி மட்டும் அன்று கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றார். கம்பம் நட வருகிற கூலியாட்கள் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக. அடுத்தவர் அழுக்கில் கை வைப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆட்கள் வந்தார்கள். குழிகளைக் காணோம். கடப்பாரையோடு முழித்தவர்களிடம் செல்வி நடந்ததைச் சொல்லிவிட்டார். ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டார்கள். மேஸ்திரி ஒருவர் மட்டும் விடாமல், எந்தெந்த இடம் என்று சொன்னால் அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தோண்டிக்கொள்கிறோம் என்று கெஞ்சியிருக்கிறார்.

"எதுன்னு எங்களுக்கே ஞாபகம் இல்ல சார்" என்றாராம் செல்வி. "நீங்க தோண்டிப் பாத்துக்குங்க."